பாதையில்லா மலைச் சுனை

குளம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன அணைக்கட்டும் மதகும், அவற்றின்கீழ் விரிந்துகிடக்கும் வயல்வெளியுமே. நம் குளங்கள் மனிதன் கட்டியவை. ஆதலின் அவற்றுக்கு வண்டிப்பாதையும் உண்டு. இன்று நான் கூறப்புகுவதோ எவரும் கட்டாத குளங்களைப் பற்றி. ஐக்கிய அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்து வடபாகத்தில் அடிரொண்டாக் என்னும் மலைத்தொகுதி உளது. அங்கே பெரியனவும் சிறியனவுமாக 3,000க்கு மேற்பட்ட நீர்நிலைகள் உள்ளன. அவற்றுள் பலவற்றுக்கு இன்றும் ஒற்றையடிப் பாதைகூட இல்லை.

பாதையில்லாத சுனையைத் தேடிப் போவானேன் என்று நீங்கள் வினவலாம். ஒரு வரலாறு கூறுகின்றேன். அம்மலைகளுள் உயர்ந்தது 5,344 அடி உயரமான மார்சிச் சிகரம். அதன் சரிவிலே ஒரு சிறு சுனை. அதன் நீர் ஓசேபிள் ஆற்றினூடாக வடக்கே சென்று சென் லோரன்ஸ் நதியை அடைகின்றது என்றே மலைவாணர் எண்ணியிருந்தனர். 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், வெர்பிளாங்க் கொல்வின் என்னும் 25 வயது நில அளவையாளர், நை என்ற வழிகாட்டியுடன் புதர்களைப் பிளந்துகொண்டு அச்சுனையை அடைந்தார். அடைந்தவர் அழகைக் கண்டு மகிழ்ந்ததோடு நின்றாரல்லர். நீர் எப்பக்கமாக வெளியேறுகின்றது என்று நோக்கினார். அது தெற்கே ஹட்சன் நதிக்கே சென்றது. நியூ யோர்க் மாநகரின் துறைமுகத்திற் கலக்கும் மாநதியின் மிக உயர்ந்த ஊற்றுக்கண் அச்சுனையே என்பது அன்று துணியப்பட்டது. மேகங்களின் கண்ணீர் என்னும் பொருள்பட அதற்குப் பெயரும் அமைந்தது.

இது வெறும் பெயர்சூட்டு விழா அன்று. மலைக்காட்டை வெட்டினால் கீழ்நாட்டு ஆறுகளும் கால்வாய்களும் வற்றும் என்று கொல்வின் 1870 முதலே அரசுக்கு எடுத்துரைத்து வந்தார். 1885இல் அக்காடுகள் சட்டத்தாற் காக்கப்பட்டன. 1894இல், அவை என்றென்றும் காடாகவே இருத்தல் வேண்டும் என்ற விதி மாநில யாப்பிலேயே இடம்பெற்றது. அச்சுனையருகே இன்று பாதை செல்கின்றது.

ஏனைய சுனைகளுக்குச் செல்வோர் யாது செய்வர்? கண்ணை நம்பி நேரே நடந்தால் போதாதோ எனின், போதாது. 2009இல் ஜேர்மனிய ஆய்வாளர் சிலர் மனிதரைக் காட்டிலும் பாலைவனத்திலும் நடக்கவிட்டுச் சோதித்தனர். கதிரவனோ சந்திரனோ தெரிந்தபோது அவர்கள் ஏறக்குறைய நேராக நடந்தனர். மறைந்தபோது தம்மை அறியாமலே வட்டமிட்டனர். தாம் நேரே செல்வதாகவே அவர்கள் கருதியிருந்தார்கள் என்பதுதான் இதில் அச்சந்தரும் செய்தி.

ஆகவே திசையறிகருவியும் சமவுயரக்கோடுகள் வரைந்த படமும் இன்றியமையாதன. கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் சமதரை. கருவியின் ஊசி காந்த வடக்கைக் காட்டுமேயன்றி உண்மை வடக்கைக் காட்டாது. நம் நாட்டில் இவ்வேறுபாடு மிகச் சிறிது. அடிரொண்டாக்கிலோ ஏறத்தாழ 13 பாகை மேற்காக விலகும். இதனைக் கணக்கிற் கொள்ளாதவன் ஒரு மைல் நடப்பதற்குள் ஏறத்தாழ 400 யார் விலகிவிடுவான். சிறு சுனையொன்றைக் காணாது கடந்துபோக அது போதும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கேட்கும்போது விந்தையாகத் தோன்றும்; ஆயினும் பொருள் பொதிந்தது. தேர்ந்தவர்கள் சுனையை நோக்கி நேரே செல்வதில்லை. நேரே சென்று சுனை தென்படாவிட்டால், அது இடப்பக்கமோ வலப்பக்கமோ என்று அறியும் வகையில்லை. எனவே, சுனையிலிருந்து வெளியேறும் ஓடையைக் குறியாகக் கொண்டு, வேண்டுமென்றே ஒருபுறம் விலகி நடப்பர். ஓடை நீண்டதாகையால் அதனைத் தவறவிட்டுக் கடத்தல் அரிது. ஓடையை அடைந்ததும் நீர் வரும் திசையிலே மேலேறினால், முடிவிற் சுனை. மீளும்போதும் இவ்வாறே, தாம் புறப்பட்ட தெருவையோ பெரிய ஆற்றையோ குறியாகக் கொள்வர்.

வழி தெரிந்தாலும் நடை எளிதன்று. உயரத்தில் தேவதாரு இனத்துக் குறுமரங்கள் தோளளவில் பின்னிக்கிடக்கும். புயலில் வீழ்ந்த மரங்கள் குறுக்கே கிடக்கும். ஒரு மைலுக்கு மூன்று நான்கு மணி நேரம் செல்வதும் உண்டு. ஆதலால் பொழுதைக் கணக்கிட்டு, இன்ன நேரமானால் சுனை கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் திரும்புவது என்று முன்னரே முடிவுசெய்தல் வேண்டும். நனைந்த பருத்தியாடை குளிர்காற்றில் உடற்சூட்டை விரைவில் உறிஞ்சிவிடும். கோடையிலும் இதனால் உயிரிழந்தோர் உண்டு. செல்லும் இடத்தையும் மீளும் நேரத்தையும் வீட்டிலுள்ளாரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுதல் எந்தக் கருவியிலும் மேலானது.

மற்றொன்று, நம் காலடியைப் பற்றியது. சுனைக்கரைச் சேற்றுப் பாசியும் உச்சிமலைச் செடிகளும் மிக மெல்ல வளர்வன. பலர் ஒரே சுவட்டில் நடந்தால் அங்கே பாதை விழும். மழைநீர் அதனை வாய்க்காலாக அரிக்கும். ஆகவே பாதையில்லாத இடத்திற் கூட்டமாகச் செல்வோர் ஒருவர் பின் ஒருவராய்ச் செல்லாது பரந்து நடத்தல் முறை. பாறைமேல் கால்வைப்பது அதனினும் நன்று.

நம் நாட்டு ஹோர்ட்டன் சமவெளியும் மாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீர் தரும் நிலமாகும். 1988இல் தேசிய வனப்பூங்காவாக்கப்பட்ட அங்கே பாதையைவிட்டு விலகுவதற்கு அனுமதியில்லை. அங்கு சுற்றுலாச் செல்லும் மாணவர்கள், பாதையில் நின்றபடியே படத்தை விரித்து, எதிரே தெரியும் சிகரத்தின் திசையைக் கருவியால் அளந்து, ஒவ்வோர் ஓடையும் எந்த ஆற்றைச் சேர்கின்றது என்று குறித்துப் பழகலாம். மூடுபனி இறங்குவதற்கு முன்பாக, காலைப்பொழுதிலேயே இதனைச் செய்துகொள்வது நன்று.