தென்னைக்குப் போட்ட சுண்ணாம்பு

சாயா சூடாக இருக்கிறது, ஆற ஆறப் பேசுவோம். இடக்கொச்சியில் புதிதாக வீடு கட்டி வாசலில் தெச்சி வைத்தவர்களின் புலம்பல் பெரும்பாலும் ஒன்றுதான்: உரம் போடப் போட இலை மஞ்சளாகிறது.

நம் பக்கத்தில் இட்லிப்பூ, வெட்சி என்கிறோமே, அதே செடிதான். வெளியூரிலிருந்து வந்த நோஞ்சான் அலங்காரச் செடி அல்ல. கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுக்க, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலிலேயே படத்தோடு இடம்பெற்ற மண்ணின் செடி. கிழக்கே மூவாற்றுப்புழைப் பக்கம் வெட்டுக்கல் மேடுகளில் கவனிப்பார் இல்லாமலே சிவந்து பூக்கும். அந்த மண் புளிப்பு. தெச்சிக்கு வேண்டியதும் அதுவே.

இங்கே இடக்கொச்சியில் நிலைமை வேறு. காயலோர மணலில் கக்கா எனும் சிப்பியின் ஓட்டுத் துண்டு கலந்திருக்கும். போதாததற்கு மதிலடியில் சிமெண்ட் கொட்டிய மிச்சம். அதற்கும் மேல், தென்னந்தடத்துக்கு வருஷா வருஷம் போடும் சுண்ணாம்பையும் சாம்பலையும் பாசத்தோடு தெச்சிக்கும் ஒரு கை அள்ளிப் போடுகிறோம். தென்னைக்கு நல்லதுதான். தெச்சிக்கோ அதனால் மண்ணின் புளிப்பு போய்விடுகிறது. இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? கொழுந்தைப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறை. மஞ்சள் அடியிலையில் தொடங்கினால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம், அப்போது சாணி உரம் கேட்கும். அடியிலையில் ஊதாப் புள்ளிகள் விழுந்தால் பொட்டாஷ் போதவில்லை. நுனி கருகுகிறதா? கோடையில் கிணற்று நீர் உப்பேறியிருக்கும். சுவைத்துப் பார்த்தாலே தெரியும். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதை ஊற்றுங்கள்.

இரும்புக் குறைக்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்கலாம். ஆனால் அது தற்காலிகம்தான். வேர்ப்பகுதியில் இலைமக்கும் செம்மண்ணும் சேர்ப்பதுதான் நிலையான வழி. தென்னைநார்க் கழிவு போடுவதானால் உப்புப் போக நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள்.

ஜூனில் மழை பிடித்துவிட்டால் தொல்லை திசைமாறும். ஒரு முழம் தோண்டினாலே நீர் ஊறும் இடத்தில் வேர் மூச்சுமுட்டி, அதே மஞ்சள் திரும்ப வரும். முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, மதிலைவிட்டு இரண்டடி தள்ளி நடுவது உத்தமம். வெயில் நன்றாக விழ வேண்டும். நிழலில் இலை மட்டும்தான் கிடைக்கும்.

கத்தரிப்பது பற்றி ஒன்று. பூங்கொத்து புதுக்கிளையின் நுனியில்தான் வரும். பெட்டிபோல ஒரே மட்டமாக இருக்க வேண்டுமென்று மாதாமாதம் வெட்டுகிறவர்கள், வரப்போகும் பூவையே வெட்டுகிறார்கள். பூத்து ஓய்ந்த கொத்துக்குக் கீழே மட்டும் நறுக்குங்கள். பாதி முற்றிய குச்சியைச் சாணளவு வெட்டி, மழைக்காலத்தில் ஈரமணலில் நிழலில் ஊன்றினால் வேர்விடும். கொடுக்கிற வீட்டாரிடம் சுண்ணாம்புச் சங்கதியையும் சொல்லி அனுப்புங்கள்.