இயந்திரத்துக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை

நம் சங்க உறுப்பினர்களில் பலர் உருக்காலையிலோ, நிலக்கரிச் சுரங்கத்திலோ, அனல் மின்நிலையத்திலோ, ரயில்வேயிலோ பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவர்கள், இன்றும் பார்ப்பவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்துவிட்டு அதே வேலைக்கு வருகிறார்கள். இவர்கள் அனைவரும் தினமும் கையால் தொடும் பொருள் மசகு எண்ணெய். அந்த எண்ணெயையும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டையும் பரிசோதித்து இயந்திரத்தின் உள்நோயைக் கண்டறியும் முறை ஒன்று உண்டு. அது என்ன, அதில் யாருக்குப் பயிற்சி வேண்டும் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

உடம்பில் ரத்தம் எல்லா உறுப்புகளையும் தொட்டு வருவதுபோல, எஞ்சினில் எண்ணெய் பேரிங், பிஸ்டன், லைனர், கியர் எல்லாவற்றையும் தொட்டு வருகிறது. எங்கே தேய்மானம் ஏற்பட்டாலும் அந்த உலோகத்தின் நுண்துகள் எண்ணெயில் கலந்துவிடும். எஞ்சினைப் பிரிக்காமலே, ஒரு சிறு பாட்டில் எண்ணெயைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

இதை முதலில் பெரிய அளவில் கையாண்டவர்கள் ரயில்வேக்காரர்களே. அமெரிக்காவின் டென்வர் அண்டு ரியோ கிராண்ட் ரயில்வே 1940-களில் டீசல் எஞ்சின்களின் பழைய எண்ணெயை நிறமாலைக் கருவியில் வைத்து உலோகங்களை அளந்தது. 1950-களில் அமெரிக்கக் கடற்படை விமான எஞ்சின்களுக்கும் இதைக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் ஆல்கோ டீசல் எஞ்சின்கள் வந்திறங்கின. 1964 முதல் வாராணசியிலேயே தயாராயின. டீசல் ஷெட்டுகளில் எண்ணெய்ச் சோதனைச்சாலை வழக்கமான ஓர் அங்கமாயிற்று. இன்று ரயில்பாதைகள் பெரும்பாலும் மின்மயமாகிவிட்டன. ஆனால் சுரங்க டம்பர்கள், டர்பைன்கள், கம்ப்ரஸர்கள், ஜெனரேட்டர்கள் எல்லாவற்றுக்கும் இதே முறைதான் பயன்படுகிறது.

எண்ணெய் என்ன சொல்லும்?

உலோகங்களைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். ஈயமும் தகரமும் செம்பும் ஏறினால் பேரிங் தேய்கிறது. குரோமியம் ஏறினால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். அலுமினியம் பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து வரும். சிலிகான் என்றால் மண்தூசி. ஏர் ஃபில்டர் தூசியை உள்ளே விடுகிறது என்று பொருள். சிலிகானோடு இரும்பும் குரோமியமும் சேர்ந்து ஏறினால், அந்தத் தூசி லைனரையும் ரிங்கையும் அரைக்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஓவர்ஹால் முடிந்த புதிதில் கேஸ்கெட்டுக்குப் பூசிய பசையிலிருந்தும் சிலிகான் வரும். அதற்காக நல்ல ஃபில்டரைக் கழற்றி எறிவது வீண்செலவு. இன்னொன்று, நிறமாலைக் கருவிக்கு மிக நுண்ணிய துகள்தான் தெரியும். ஏறத்தாழ 8 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். பல் உடையும் கியரும் செதில் உதிர்க்கும் பேரிங்கும் பெரிய துகள்களையே தருகின்றன. ஆகவே ரிப்போர்ட் சுத்தமாக வந்தாலும் பழைய ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதும், காந்த பிளக்கைத் துடைத்துப் பார்ப்பதும் அவசியம்.

கூலண்டை மறக்கலாகாது

எண்ணெயைக் கவனிப்பவர்கள்கூடக் கூலண்டைக் கவனிப்பதில்லை. ரேடியேட்டரில் நீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தண்ணீரின் உப்பும் குளோரைடும் உள்ளே படிந்து அரிக்கும். கனரக டீசல் எஞ்சின்களில் லைனரின் வெளிப்புறத்தைக் கூலண்ட் நேராகத் தொடுகிறது. எரிப்பின் அதிர்வில் அங்கே நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு உடைப்பும் இரும்பில் ஓர் ஊசிமுனைக் குழியைப் பறிக்கிறது. நாளடைவில் லைனரே ஓட்டையாகிவிடும். இதைத் தடுக்கவே கூலண்டில் நைட்ரைட் போன்ற மருந்துகளைச் சேர்க்கிறார்கள். மருந்து குறைந்தால் குழி விழும். அளவுக்கு மிஞ்சினால் படிவு சேரும். சோதனைத் தாள் ஒன்றை நனைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நைட்ரைட்டே இல்லாத புதுவகைக் கூலண்டுகளும் இப்போது உண்டு. அவற்றுக்கு அந்தத் தாள் உதவாது. எனவே எந்த வகை ஊற்றியிருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். வகைகளைக் கலக்கக் கூடாது.

கூலண்ட் எண்ணெய்க்குள் கசிந்தால், சூடான எஞ்சினில் நீர் ஆவியாகிப் போய்விடும். நீர் இல்லை என்று ரிப்போர்ட் சொல்லும். ஆனால் கூலண்டில் இருந்த சோடியமும் போரானும் எண்ணெயில் தங்கிவிடும். சில எண்ணெய்களில் போரான் புதிதிலேயே இருப்பதால், புது எண்ணெயின் கணக்கோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

பிழை பாட்டிலில் தொடங்குகிறது

இத்தனையும் படிக்கும்போது இது கெமிஸ்டுகளின் வேலை என்று தோன்றும். உண்மையில், சோதனைச்சாலை எவ்வளவு உயர்ந்ததானாலும் அதற்குத் தெரிவது பாட்டிலில் வந்த எண்ணெய் மட்டுமே. அந்தப் பாட்டிலை நிரப்புபவர் ஷிப்டில் இருக்கும் ஃபிட்டர்.

எஞ்சின் ஆறிய பிறகு அடி பிளக்கைத் திறந்து எடுத்தால் வருவது அடியில் தங்கிய சேறு. ஃபில்டருக்குப் பின்னால் எடுத்தால் துகள்கள் வடிகட்டப்பட்டு, நோய் மறைந்துவிடும். எஞ்சின் ஓடும்போதோ நிறுத்திய சிறிது நேரத்துக்குள்ளோ, ஃபில்டருக்கு முன்னால், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், குழாயில் தேங்கிய எண்ணெயை முதலில் வடியவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும்.

லேபிளும் முக்கியம். 100 லிட்டர் எண்ணெய் உள்ள எஞ்சினில் இரும்பு 50 பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் குறைந்துபோய், அந்த அளவு புது எண்ணெய் ஊற்றினால் கணக்கு 40-க்கு இறங்கிவிடும். ஊற்றியதை எழுதாவிட்டால் எஞ்சின் தேறிவருகிறது என்று ரிப்போர்ட் படிப்பவர் நினைப்பார். தேய்மானமோ நடந்துகொண்டே இருக்கும். அதேபோல, 250 மணி நேரம் ஓடிய எண்ணெயில் 40 பங்கு இரும்பு சாதாரணமாக இருக்கலாம். 50 மணி நேரத்திலேயே அது வந்தால் அபாய அறிவிப்பு. மணிக்கணக்கு எழுதாத பாட்டில் பெயர் எழுதாத நோயாளியைப் போன்றது.

பயிற்சி யாருக்கு?

இதற்கென்று உலகத் தர நிர்ணயம் உண்டு. ஐ.எஸ்.ஓ. 18436 என்ற தொகுப்பில் 4-ஆம் பகுதி களத்தில் எண்ணெய்ப் பரிசோதனையைக் கையாள்பவர்களுக்கும், 5-ஆம் பகுதி சோதனைச்சாலைப் பணியாளர்களுக்கும் தகுதி வகுக்கிறது. களத்துக்கும் ஆய்வகத்துக்கும் தனித்தனிப் பகுதி வைத்திருப்பதிலிருந்தே, களத்து வேலையும் கற்றுத் தேற வேண்டிய ஒன்று என்பது விளங்கும். 2001-இல் தோன்றிய சர்வதேச இயந்திர மசகுக் கவுன்சில் இத்துறையில் படிப்படியான தேர்வுகள் வைத்துச் சான்றிதழ் வழங்குகிறது. இளைஞர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

ஆயினும், இத்தகைய வகுப்புகளுக்குப் பெரும்பாலும் எஞ்சினியர்களையே அனுப்புகிறார்கள், பாடமும் ஆங்கிலத்தில். பாட்டில் பிடிப்பவருக்கு அவருடைய மொழியில், அவருடைய இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அரை நாள் சொல்லிக் கொடுத்தால் போதும். பாதிப் பிழைகள் மறையும். சூடான தகட்டில் ஒரு துளி எண்ணெயை விட்டால் நீர் கலந்திருக்கும்போது படபடவென்று பொரியும். கண்ணாடி அணிந்து செய்ய வேண்டிய இந்தச் சிறு சோதனையை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். ரிப்போர்ட் வந்ததும் அதை அவருக்கும் காட்ட வேண்டும். தான் பிடித்த பாட்டிலின் முடிவு என்ன என்று தெரியாதவருக்கு அடுத்த பாட்டிலில் அக்கறை எப்படி வரும்?

இதில் இயந்திரத்தின் ஆயுள் மட்டும் அடங்கியிருக்கவில்லை. எஞ்சின் ஜாம் ஆனதும் முதல் கேள்வி அந்த ஷிப்டு ஃபிட்டரைத்தான் பாய்ந்து வரும். முறையாக மாதிரி எடுத்து, தேதி, மணி, ஊற்றிய அளவு எல்லாம் எழுதி வைத்தவர் தம் நோட்டைக் காட்டலாம். எழுதாதவருக்கு வாய்ப்பேச்சுத்தான் சாட்சி.

உங்கள் தொழிற்சாலையில் மாதிரி எடுக்கத் தனிக்குழாய் இருக்கிறதா, வந்த ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்கள், ஊற்றிய எண்ணெயை யார் குறிக்கிறார்கள் என்ற மூன்றையும் விசாரித்துப் பாருங்கள். தொழிற்சாலையோடு சம்பந்தமில்லாதவர்கள் தங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டரில் தொடங்கலாம். அது குறைவாகவே ஓடுவதால் மணிக்கணக்கு நிறையாது. காலக்கணக்குப்படி எண்ணெய் மாற்றப்பட்டதா, கூலண்டில் வெறும் குழாய்த் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் தொங்கவிடச் சொல்லுங்கள்.