பழைய பிக்கப் வாங்குமுன் டிபரன்ஷலின் பல் கணக்கைப் பாருங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கமிருந்து கருவாடு, அரிசி, கைத்தறிச் சாரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு அம்பாறை, மகா ஓயா, பிபிலை, லுணுகலை வழியாக நம் தோட்டங்களுக்கு ஏறி வரும் பழைய பிக்கப்புகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இப்போது நம் ஆட்களே அங்கே இறங்கிப் போய் அப்படியொன்றை வாங்கி வருகிறார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2025இல் திரும்பத் திறந்தாலும் புது வண்டி நமக்கு எட்டாத விலைதான். ஆகவே 55 வயதில் கைக்கு வரும் ஈ.பி.எப். காசைப் போட்டு, இரண்டு மூன்று குடும்பம் கூட்டுச் சேர்ந்து பழையதைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் காசு வாழ்க்கையில் ஒரு தடவை வருகிற காசு.

வாங்கும்போது எஞ்சினைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம், பதிவுப் புத்தகத்தைப் பார்க்கிறோம். பின் அச்சில் தொங்கும் அந்த உருண்டைப் பெட்டியை, அதாவது டிபரன்ஷலை, யாரும் கேட்பதில்லை. மலைக்கு வண்டி ஏறுமா ஏறாதா என்பதில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

உள்ளே இரண்டு பல்சக்கரம். புரொப்பலர் ஷாப்டோடு சேர்ந்து சுற்றும் சின்னது பினியன். சில்லுகளைச் சுற்றும் பெரியது கிரவுன். கிரவுனின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் அந்த வண்டியின் கணக்கு. கிரவுனில் 41, பினியனில் 10 என்றால் 4.1. கிரவுனில் 39, பினியனில் 8 என்றால் 4.875. எண் கூடக் கூட ஏற்றத்தில் இழுவை கூடும், ஆனால் எஞ்சின் அதிகம் சுற்றும், சமதரையில் எண்ணெய் கூடக் குடிக்கும். சில்லு ஒரு சுற்றுக்கு 2 மீற்றர் போகிறது என்று வையுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், நேர் கியரில், 4.1 உள்ள வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு 2050 தடவை சுற்றும். 4.875 என்றால் ஏறக்குறைய 2440 தடவை.

கல்முனைக் கரையோரம் முழுக்கச் சமதரை. அங்கே 4.1 சுகமாக ஓடும். "தம்பி, பூப்போல ஓடுது" என்று விற்கிறவர் சொன்னால் அது பொய்யில்லை, அவருடைய ரோட்டில் அப்படித்தான் ஓடுகிறது. அதையே முழுப் பாரத்தோடு லுணுகலை ஏற்றத்தில் விட்டால் முதல் கியரிலேயே முனகும், கிளச் தேயும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பல வண்டிகளில் கம்பெனித் தகட்டில் அச்சுக்கான குறியீடு இருக்கும். ஆனால் கடற்காற்றில் ஓடிய வண்டியில் அந்தத் தகடு துருவேறிப் போயிருக்கலாம். தகடு தெளிவாக இருந்தாலும், முந்தின சொந்தக்காரர் வேறு வண்டியின் டிபரன்ஷலைக் கழற்றிப் பூட்டியிருந்தால் தகடு அதைச் சொல்லாது. ஆகவே எண்ணிப் பார்ப்பதே உத்தரவாதம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பின் சில்லுகளைப் பிடிப்பதால் அதையும் விடுவிக்க வேண்டும். அப்படியானால் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை என்று அர்த்தம். (ஒரு பின் சில்லு மேலே தூக்கியிருக்கும்போது கியரில் போட்டாலும் வண்டி நிற்காது, இது பலருக்குத் தெரியாது.) எனவே முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் நல்ல கட்டை அணை கொடுங்கள், தரையில் நிற்கும் பின் சில்லுக்கும் கொடுங்கள். மற்றப் பின் சில்லை மட்டும் ஜக் போட்டுத் தூக்கி, அச்சுக்குக் கீழே உறுதியான முட்டு வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடவும் கூடாது.

சில்லில் ஒரு வெண்கட்டிக் கோடு, ஷாப்டில் ஒரு கோடு. ஒருவர் சில்லைக் கையால் மெதுவாக 20 சுற்றுச் சுற்றட்டும். இன்னொருவர் வெளியே இருந்து குனிந்து ஷாப்டின் சுற்றை எண்ணட்டும். ஒரு சில்லு மட்டும் சுற்றும்போது இரண்டு சுற்றுக்குத்தான் கிரவுன் ஒரு சுற்றுப் போகும். எனவே 20 சுற்று என்பது கிரவுனுக்கு 10. ஷாப்ட் 41 சுற்றினால் 4.1. 43 என்றால் 4.3. 48ஐத் தாண்டி முக்கால் சுற்று வந்தால் 4.875. இரண்டே சுற்றுச் சுற்றிப் பார்த்தால் 4.1க்கும் 4.3க்கும் வித்தியாசம் பிடிபடாது, அதனால்தான் 20. சில்லு சுற்றவே மறுத்தால் அது வேறு வகை டிபரன்ஷலாகவோ பழுதாகவோ இருக்கலாம். மல்லுக்கட்டாமல் கராஜ் பாஸிடம் காட்டுங்கள்.

அந்த நேரத்திலேயே டிபரன்ஷல் ஒயிலையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வயல் தண்ணீரில் இறங்கின வண்டியில் ஒயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, பேரிங் அரிபட்டிருக்கலாம்.

மாற்றிப் பூட்டின டிபரன்ஷலில் இன்னொரு ஆபத்து உண்டு, நான் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். பழைய வண்டிகளில் வேகமானி கியர் பெட்டியிலிருந்து ஒரு கேபிளில் ஓடுகிறது, சில்லைப் பார்த்து ஓடுவதில்லை. 4.875 இருந்த வண்டியில் யாரோ 4.1 பூட்டியிருந்தால், மானி 50 காட்டும்போது வண்டி உண்மையில் 59க்கு மேல் போகும். இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலமும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும், அந்தப் பாரம் பிரேக்கில் விழும். பின்னால் பள்ளிப் பிள்ளைகளையும் கொழுந்து எடுக்கும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு வளைவில் இறங்குகிற வண்டி அது.

நாலு சில்லும் இழுக்கும் வண்டியென்றால் முன் அச்சின் கணக்கும் பின் அச்சின் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசமாக இருந்தால் தார் ரோட்டில் நாலு சில்லுக் கியரைப் போட்டதும் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று இழுபடும், நடுவிலுள்ள கியர் பெட்டி உடையும். முன்பக்கத்தையும் தனியாக எண்ணச் சொல்லுங்கள்.

கணக்குக் குறைவாக இருந்தால் வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே வகை வண்டிக்குக் கூடின எண்ணுள்ள டிபரன்ஷல் பழைய பாட்ஸ் கடையில் என்ன விலை, பூட்டுக்கூலி எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். பிறகு காக்காவிடம் அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். பூட்டின பிறகு வேகமானியின் சின்னப் பல்சக்கரத்தையும் பொருத்தமாக மாற்றித் தரச் சொல்ல மறக்காதீர்கள்.