பூசணிக்குள் சுடர் எப்படி எரிகிறது?



அமெரிக்காவில் அக்டோபர் 31 மாலை தெருவில் நடந்தால், வீட்டு வாசல்களில் ஆரஞ்சு நிறப் பூசணிக்காய்கள் பல்லைக் காட்டிச் சிரிக்கும். உள்ளே சுடர் ஆடும். வேடம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். இதுதான் ஹாலோவீன்.

மறுநாள் நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. அதற்கு அடுத்த நாள் கல்லறைத் திருநாள். அன்று நம் ஊர்க் கல்லறைகளிலும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், பார்த்திருப்பீர்கள். பேய் வேடம் பிடிக்காமல் ஹாலோவீனையே ஒதுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. வேறு சில வீடுகளில் பிள்ளைகளுக்குப் புனிதர் வேடம் போட்டு, பூசணியில் கோரைப்பல்லுக்குப் பதிலாகச் சிலுவையோ நட்சத்திரமோ வெட்டுவார்கள். எந்த வடிவமானாலும் விளக்கு எரியும் விதம் ஒன்றுதான்.

முன்பு அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் இந்த விளக்கைச் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய அயர்லாந்துக்காரர்களுக்குப் பூசணி கிடைத்தது. கிழங்கைவிடப் பெரியது, குடைவதும் எளிது. நாம் சாம்பாரில் போடும் பரங்கிக்காயும் இதற்குச் சொந்தம்தான். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை.

விளக்கு செய்யும் வீட்டில், பூசணியின் மேல்பகுதியை மூடியாக வெட்டும்போது அப்பா கத்தியைச் சாய்த்துப் பிடிப்பார். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். நாரையும் விதையையும் வழித்தெடுப்பது சின்னப் பிள்ளைகளின் வேலை. பிறகு கண், மூக்கு, வாய். மூடியிலும் ஒரு துளை போடுவார்கள். அது எதற்கு?

மெழுகு ஆவியாகி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. சூடான காற்று விரிந்து லேசாகி மேலே ஏறும். மூடித் துளை வழியே அது வெளியேற, கண் வாய் வழியே புதுக் காற்று உள்ளே நுழையும். அடுப்பங்கரைப் புகைபோக்கியும் இப்படித்தான் வேலை செய்கிறது. காற்று வந்துபோக வழியே இல்லாவிட்டால் சுடர் மங்கி அணைந்துவிடும்.

மூடியின் உள்பக்கம் சில நேரம் கறுத்திருக்கும். சுடரில் எரியாமல் தப்பிய கரித்துகள் அது. அந்தத் துகள்கள் சூட்டில் ஒளிர்வதால்தான் சுடர் மஞ்சளாகத் தெரிகிறது.

சுடர் பக்கத்திலேயே இருந்தும் பூசணி ஏன் தீப்பற்றவில்லை? அதன் சதையில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்! வெப்பம் அந்தத் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். அதனால் சதை கொஞ்சம் வேகுமே தவிர, எளிதில் பற்றிக்கொள்ளாது.

வெட்டாத பூசணி பல வாரம் கெடாது. தடித்த தோல் காவல் இருக்கிறது. வெட்டிய பூசணிக்குள் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்து, சில நாளிலேயே அதைச் சுருங்க வைத்துவிடும். பிறகு அது தோட்டத்துக்கு நல்ல உரம்.

நீங்களும் செய்து பாருங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தட்டில் சிறு மெழுகுவத்தியை ஏற்றிக் கண்ணாடி டம்ளரால் மூடுங்கள். சிறிது நேரத்தில் அணைந்துவிடும். பெரிய பாட்டிலால் மூடினால் இன்னும் கொஞ்சம் நேரம் எரியும். தொங்கும் உடையும் தலைமுடியும் சுடரருகே போகக் கூடாது.

இப்போது பல வீடுகளில் பூசணிக்குள் பேட்டரி விளக்கு வைக்கிறார்கள். அதற்கு மூடியில் துளை தேவையில்லை. ஏன் என்று நீங்களே சொல்லுங்கள், பார்ப்போம்!