வயலோரத்தில் விடப்படும் கதிர்கள்



2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். பெரம்பலூரின் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், அரியலூரின் முந்திரி, கொள்ளிடக் கரையின் நெல் ஆகியவையே நம் குடும்பங்கள் பலவற்றின் வாழ்வாதாரம். மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையில் வேலை செய்த நம் பிள்ளைகள் ஊர் திரும்பியபோது தொற்றும் உடன் வந்தது. வேலையும் போய், பயமும் சூழ்ந்த நாள்கள் அவை.

அப்போது அரசின் உதவி பல வழிகளில் வந்தது. தமிழக அரசு அரிசி குடும்ப அட்டைகளுக்கு 1,000 ரூபாய் வழங்கியது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய அரசு மூன்று மாதங்கள் தலா 500 ரூபாய் செலுத்தியது. விவசாயிகளுக்குப் பிரதமரின் கிசான் திட்டத்தில் 2,000 ரூபாய் ஏப்ரலில் முன்கூட்டியே வந்தது. இது புதிய பணம் அன்று. ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாகத் தரும் அத்திட்டத்தின் வழக்கமான தவணைதான். கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 ரூபாய்.

அந்த 16 ரூபாயும் யாருக்குக் கிடைத்தது? தம் பெயரில் நிலம் பதிவாகியிருந்தவருக்கு மட்டுமே. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுதவருக்கு இல்லை. களை பறித்துக் கூலி வாங்கும் தாய்க்கும் இல்லை. இறந்துபோன தந்தையின் பெயரிலேயே பட்டா இருந்தால், மகன் உழுதும் பயனில்லை.

மறுபுறம், தகுதியற்றோர் இலட்சக்கணக்கில் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. தமிழகத்தில் முறைகேடு 110 கோடி ரூபாய் அளவுக்கு நடந்ததாக அரசே தெரிவித்தது. இடைத்தரகர்கள் "கொரோனா பணம்" என்று சொன்னதை நம்பி வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்த ஏழைகளும் அதில் இருந்தார்கள். பின்னர் அவர்கள் கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

சட்டம் பட்டாவைப் பார்க்கிறது. விவிலியமோ பசியையும் பார்க்கச் சொல்கிறது. அறுவடையின்போது வயலோரத்தை முற்றிலும் அறுத்துவிடாமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியர் நூல் (19:9-10) கட்டளையிடுகிறது. நிலமில்லாத ரூத்து அப்படித்தான் கதிர் பொறுக்கி, தன் மாமியாருக்கும் உணவளித்தார். அது பிச்சை அன்று, அவருடைய உரிமை. சக்கேயுவின் மனமாற்றமும் உள்ளத்தோடு நின்றுவிடவில்லை; ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவர் வாக்களித்தார் (லூக்கா 19:8).

எனவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பட்டா பெயர் மாற்றத்துக்கு வழி தெரியாமல் நிற்கும் கைம்பெண்ணை, எழுதப் படிக்கத் தெரிந்த அன்பிய உறுப்பினர் ஒருவர் தாலுகா அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லலாம். வங்கி எண்ணையோ ஆதாரையோ இடைத்தரகரிடம் கொடுக்க வேண்டாம் என்று முதியோருக்கு எடுத்துச் சொல்லலாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் நம்மில் சிலருக்கு இன்றும் அந்த 2,000 ரூபாய் வருகிறது. வியர்வை சிந்துபவரோ வேறொருவர். அதில் ஒரு பங்கு அவருக்கு உரியதல்லவா?

ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவை நாடிச் செல்லும் நாம், நம் வயலோரத்தில் நிற்பவருக்கு அடைக்கலமாகிறோமா? சிந்திப்போம், செயல்படுவோம்.