கருவின் ஓரத்தில் நிற்கும் புரதங்கள்

வெற்றிலையோடு புகையிலையும் போடும் ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண். வைத்தியர் அதிலிருந்து சிறு துண்டு இழையத்தை வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார். அங்கே அதை மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கிறார்கள். கலங்களின் உடல் இளஞ்சிவப்பாகத் தெரியும், கரு நீலமாகத் தெரியும். நோயியல் நிபுணர் கூர்ந்து பார்ப்பது அந்த நீலத்தைத்தான். நல்ல கலத்தின் கரு உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ ஒழுங்கான விளிம்போடு இருக்கும். புற்றுக் கலத்தின் கருவோ பெருத்து, கறுத்து, விளிம்பு நெளிந்து மடிந்து கிடக்கும்.

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு வருவோரிலும் இந்த நோயாளர் உண்டு. அவர்களுடைய நோயை உறுதிசெய்வதில் கருவின் விளிம்புக்கும் பங்கிருக்கிறது. கருவின் உருவைப் பார்த்து நோயறியும் பழக்கம் பழையது. 1860இலேயே லண்டனில் லயனல் பீல் என்ற வைத்தியர், தொண்டைப் புற்றுநோயாளி ஒருவரின் சளியில் இப்படி உருமாறிய கலங்களைக் கண்டு எழுதிவைத்தார். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்ததும் அந்தப் பத்தாண்டில்தான். கருவின் விளிம்பு எதனால் ஆனது என்பது அப்போது இருவருக்குமே தெரிந்திருக்க வழியில்லை.

பாடசாலைப் படத்தில் அந்த விளிம்பு ஒற்றைக் கோடு. உண்மையில் அங்கே இரண்டு மென்சவ்வுகள் உள்ளன. இடைவெளி 30 முதல் 50 நனோமீற்றர். வெளி மென்சவ்வு, புரதங்கள் உற்பத்தியாகும் அகமுதலுருச் சிறுவலையின் தொடர்ச்சி. உள் மென்சவ்வு டி.என்.ஏ.யைப் பார்த்தபடி இருக்கிறது. துளைகள் உள்ள இடங்களில் மட்டும் இரண்டும் ஒன்றோடொன்று சேரும். உள் மென்சவ்வின் அடியில் லமின் என்ற புரத இழைகள் வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும் டி.என்.ஏ. இந்தச் சுவருக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது.

மென்சவ்வு வெறும் கொழுப்புப் படலம். அது தானாக உருவத்தைக் காக்காது. கதியால் வேரூன்றி நிற்பதால்தான் கிடுகு வேலி நிற்கிறது. இங்கே கதியாலின் வேலையைச் செய்வன உள் மென்சவ்வுப் புரதங்கள். எமரின், மான்1, லமின் பி ஏற்பி, சன்1, சன்2 என்று பல உண்டு. ஒவ்வொன்றும் ஒரு பகுதியை மென்சவ்வில் ஊன்றி, மற்றப் பகுதியால் லமின் வலையையோ டி.என்.ஏ.யோடு சேர்ந்த புரதங்களையோ பற்றிக்கொள்கிறது. சன் புரதங்கள் எதிர்ப்புறமும் கைநீட்டும். மென்சவ்வுகளின் இடைவெளியில் நெஸ்பிரின் என்ற புரதத்தோடு அவை இணைய, நெஸ்பிரின் வெளியிலுள்ள குழியவன்கூட்டைப் பிடிக்கும். கலத்தை வெளியிலிருந்து இழுத்தால் கருவுக்கும் அது எட்டுவது இந்தத் தொடுப்பினால்தான்.

டி.என்.ஏ. இந்த ஓரத்தில் ஒட்டியிருப்பதற்கும் பொருள் உண்டு. மொத்த டி.என்.ஏ.யில் மூன்றிலொரு பங்குக்கு மேல் சுவரையொட்டி நிற்கிறது. அங்குள்ள பரம்பரையலகுகள் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. உதாரணமாக, தசைக் கலத்துக்குத் தேவையற்ற பரம்பரையலகுகளை ஓரத்தில் கட்டிப்போடுவதும் கருவின் அமைப்புக்குள் அடங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த உள் மென்சவ்வுப் புரதங்கள் தம் இடத்துக்குப் போய்ச் சேரும் விதம். எமரின் போன்றவற்றை உள் மென்சவ்வில் கொண்டுபோய் வைக்கத் தனி ஏற்பாடு பெரிதாக எதுவும் தேவைப்படுவதில்லை. அகமுதலுருச் சிறுவலையில் உற்பத்தியான புரதம் மென்சவ்வின் மேலே அலைந்து, துளையின் ஓரமாக உள்ளே நுழைகிறது. உள்ளே லமின் பிடித்துக்கொண்டால் தங்குகிறது, இல்லையென்றால் திரும்பவும் வெளியே போகிறது. லமின் வகைகளில் ஒன்றான லமின் ஏ இல்லாத எலிகளின் கலங்களில் எமரின் கருவின் ஓரத்தை விட்டுச் சிறுவலையில் சிதறிக் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

புரதம் ஒன்று கெட்டால் என்ன ஆகும்? 1966இல் அலன் எமரியும் பிரிட்ஸ் ட்ரைஃபஸும் ஒரு தசைநலிவு நோயை விவரித்தார்கள். முழங்கையும் குதிநாணும் கழுத்தும் இறுகும். இதயத்தின் மின்கடத்தல் தடைப்படும், அதுவே உயிருக்கு ஆபத்து. 1994இல் காரணமான பரம்பரையலகு கிடைத்தபோது, அது தரும் புரதத்துக்கு எமரியின் பெயரால் எமரின் என்று பெயரிட்டார்கள். 1999இல் அதே நோயின் இன்னொரு வகைக்கு லமின் ஏ காரணம் எனத் தெரிந்தது. சிறுவயதிலேயே முதுமை வரும் புரோஜீரியாவுக்கும் லமின் ஏ-யின் விகாரம்தான் காரணம் என்று 2003இல் கண்டார்கள்.

எல்லாக் கேடும் நோயாவதில்லை. டெங்குக் காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்யாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. அப்படி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசிப் பார்த்தால், நியூத்திரோபில் என்ற வெண்குழியத்தின் கரு வழக்கமாக மூன்று நான்கு சோணைகளாகப் பிரிந்திருக்கும். லமின் பி ஏற்பிக்கான பரம்பரையலகின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டவருக்கு இரண்டே சோணை. இது தீங்கற்றது. ஆனால் பார்ப்பவர் அதைத் தொற்றின் அறிகுறி என்று பிழையாக எடுத்துக்கொள்ளலாம்.

புற்றுநோய்க்கு வருவோம். கலத்துக்குள் மிகப் பெரியதும் விறைப்பானதும் கருதான். ஒடுங்கிய இடைவெளியில் கலம் நுழையும்போது முதலில் சிக்குவதும் அதுவே. சுவர்ப் புரதங்கள் குறைந்தால் கரு இளகும், உருக்குலையும், இடுக்கில் எளிதாக நழுவும். புரஸ்டேற் புற்றுக் கலங்களில் எமரின் குறைவதும், கரு உருக்குலைவதும், நோய் பரவும் தன்மையும் ஒன்றோடொன்று தொடர்புற்றிருப்பதை 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஒடுங்கிய வழியில் நுழையும்போது கருவின் சுவர் கிழிந்து டி.என்.ஏ. சேதமடைவதும் உண்டு. நோயியல் நிபுணர் பார்க்கும் அந்த நெளிந்த விளிம்பு கலத்தின் வெறும் தோற்றக் கோளாறல்ல.

வெற்றிலையும் புகையிலையும் பாக்கும் போடுகிறவரென்றால் கண்ணாடியின் முன் வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ தெரிந்தால் அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள்.