கார்ட்ஸ்டன்: மலையடிவாரத்து மார்மன் சிற்றூர்

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், ராக்கி மலையடிவாரப் புல்வெளியில் அமைந்த சிற்றூர் கார்ட்ஸ்டன். பலதார மணத்தைத் தடுத்த அமெரிக்கச் சட்டங்களின் நெருக்கடியால் யூட்டாவிலிருந்து வடக்கே வந்த மார்மன் சமயத்தார், 1887ஆம் ஆண்டில் லீ ஓடைக்கரையில் குடியேறினர். தலைவர் சார்லஸ் ஓரா கார்டின் பெயரே ஊர்ப்பெயராயிற்று.

மழை குறைந்த அம்மண்ணில் அவர்களுக்குக் கைகொடுத்தது, வறண்ட யூட்டாவில் கற்ற நீர்ப்பாசனத் திறனேயாகும். செயின்ட் மேரி ஆற்றுநீரைக் கொண்டுசெல்லும் கால்வாயை 1898இல் வெட்டத் தொடங்கினர். கூலியில் பாதி பணம்; பாதி நிலம். இம்முயற்சியால் 1899இல் மக்ராத், ஸ்டெர்லிங் என்னும் ஊர்கள் தோன்றின. 1900இல் நீர் லெத்பிரிட்ஜ் நகரை எட்டியது.

ஆயினும், அப்புல்வெளி பிளாக்ஃபுட் மக்கள் எருமை வேட்டையாடி வாழ்ந்த நிலம். அவர்களுள் ஒரு பிரிவினரான கைனாய் மக்களுக்கு, 1877ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னர் வரையறுக்கப்பட்ட ஒதுக்குநிலம் ஊரின் வடக்கே உள்ளது. புகலிடம் தேடியோர் வரலாற்றைக் கற்போர், இடம் சுருங்கியோர் வரலாற்றையும் உடன் கற்றல் வேண்டும்.